நடுவயதில் பல் கம்பி: அழகுக்கு முன் அடித்தளம்

எத்துப்பல், தெற்றுப்பல், சிங்கப்பல் என்று வரிசை தவறிய பற்களுக்கு நம் மொழியில் பல பெயர்கள் உண்டு. அவற்றைச் சீராக்கக் கம்பி கட்டுவது பள்ளிப் பருவத்துக்கே உரியது என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. இன்று நிலைமை மாறிவிட்டது. நாற்பதைக் கடந்தவர்களும், ஐம்பதை எட்டியவர்களும் பல் சீரமைப்பு மருத்துவரை நாடுகின்றனர்.

இது வரவேற்கத்தக்க மாற்றமே. ஆயினும் சிறுவரின் வாயும் நடுவயதினரின் வாயும் ஒன்றல்ல. சிறுவரின் தாடை வளர்ந்துகொண்டிருக்கிறது. பெரியவரின் வாயிலோ பிடுங்கப்பட்ட பற்களும், அடைக்கப்பட்ட சொத்தைகளும், தேய்ந்த விளிம்புகளும், தளர்ந்த ஈறுகளும் சேர்ந்திருக்கின்றன. ஆகவே, பெரியவர்களின் பல் சீரமைப்பில் வெற்றி தோல்வியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கம்பி அன்று. கம்பி கட்டுவதற்கு முன் என்ன செய்கிறோம், கழற்றிய பின் என்ன செய்கிறோம் என்பவையே தீர்மானிக்கின்றன.

ஒரு சிக்கலான வாய்

நாட்டின் எந்தப் பல் மருத்துவமனையிலும் காணக்கூடிய ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். இது ஒரு குறிப்பிட்ட நபரின் வரலாறு அன்று. பலரிடம் தனித்தனியே காணப்படும் குறைகளை ஒரே வாயில் சேர்த்து வரைந்த சித்திரம்.

அவருக்கு வயது 48. பதினேழு வயதில் கீழ்வரிசையின் இடப்புற முதல் கடைவாய்ப் பல் சொத்தையாகிப் பிடுங்கப்பட்டது. அந்த இடம் அப்படியே விடப்பட்டது. முப்பது ஆண்டுகளில் அதற்குப் பின்னிருந்த பல் வெற்றிடத்தை நோக்கிச் சாய்ந்துவிட்டது. மேல்வரிசையில் அதற்கு நேர் எதிரே இருந்த பல், கடிப்பதற்குத் துணையில்லாமல் கீழிறங்கிவிட்டது. கடந்த மூன்று ஆண்டுகளாக மேல் முன்பற்கள் விசிறிபோல் விரிந்து, நடுவில் இடைவெளி தோன்றியுள்ளது. பல் துலக்கும்போது இரத்தம் கசிகிறது. சர்க்கரை நோயும் உண்டு. அவருடைய கோரிக்கை எளியது: “ஆறு மாதத்தில் மகளுக்குத் திருமணம். அதற்குள் முன்பல் இடைவெளியை மூடிவிட வேண்டும்.”

அவர் காண்பது ஓர் இடைவெளி. மருத்துவர் காண்பது அந்த இடைவெளிக்குக் காரணமான ஈறு நோய், எலும்புத் தேய்மானம், சரிந்த கடி ஆகியவற்றை.

பல் நகர்வது எவ்வாறு?

பல் தாடை எலும்பில் ஆணிபோல் அறையப்பட்டிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் இடையே, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தடிமனுள்ள நார்த்திசு உள்ளது. கம்பி மென்மையாக அழுத்தும்போது, அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வேலை செய்கின்றன. இழுபடும் பக்கத்தில் புதிய எலும்பு உருவாகிறது. இவ்வாறு பல் மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் அளவில் இடம்பெயர்கிறது.

இந்த நார்த்திசு உயிர்ப்போடு இருக்கும்வரை எந்த வயதிலும் பல் நகரும். எனவே பல் சீரமைப்புக்கு வயது உச்சவரம்பு இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: அந்தத் திசுவும் சுற்றியுள்ள எலும்பும் நோயற்றவையாக இருத்தல் வேண்டும். நிபந்தனையை மீறினால், அழகுக்காகத் தொடங்கிய சிகிச்சை பல்லையே இழப்பதில் முடியக்கூடும்.

முதல் பாடம்: ஈறு நலமே முதல் தவணை

ஈறு நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. இரத்தக் கசிவு, வாய் நாற்றம், ஈறு இறங்குதல், பல் ஆடுதல் என்று மெல்ல முன்னேறுகிறது. இதற்குள் வேரைத் தாங்கும் எலும்பு பாதியளவு கரைந்திருந்தாலும் வியப்பில்லை. அழற்சி நீடிக்கும் நிலையில் கம்பி கட்டினால், பல் நகரும். ஆனால் கரைந்த எலும்பு அதே வேகத்தில் மீண்டும் உருவாகாது. எலும்பு இழப்பு விரைவுபடும்.

ஆதலால், மேற்கண்ட 48 வயதினருக்கு முதலில் வேண்டியது கம்பி அன்று. பற்காரையை அகற்றும் ஸ்கேலிங், வேர்ப் பரப்பை ஆழமாகத் தூய்மைப்படுத்தும் சிகிச்சை, சரியாகப் பல் துலக்கும் பயிற்சி ஆகியவையே முதலில் வேண்டும். அதன்பின் சில மாதங்கள் காத்திருந்து, இரத்தக் கசிவு நின்றதா, ஈறுப் பைகளின் ஆழம் குறைந்ததா என்று அளந்து பார்க்க வேண்டும்.

சர்க்கரை நோயும் ஈறு நோயும் ஒன்றையொன்று வளர்ப்பவை. சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு ஆறாது. ஈறு அழற்சி தொடர்ந்தால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது கடினமாகும். எனவே கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை முடிவைப் பல் மருத்துவரிடமும் காட்டுதல் வேண்டும். புகைப்பழக்கம் ஈறு ஆறுவதைத் தடுக்கும். பாக்கு, குட்கா மெல்லுவோருக்கு வாய்த் திசு இறுகி, வாயைத் திறக்கும் அளவே குறைந்துவிடுவதுண்டு. அந்நிலையில் கடைவாய்ப் பற்களில் கருவி வைத்து வேலை செய்வதே அரிதாகும். இப்பழக்கங்களை விடுவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

எலும்புத் தேய்மானத்துக்காகப் பிஸ்பாஸ்பொனேட் வகை மருந்து உட்கொள்வோர் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். அம்மருந்து எலும்பு கரைவதைத் தடுப்பது. எலும்பு கரையாமல் பல் நகராது. பல் பிடுங்க நேர்ந்தால் தாடைப் புண் ஆறாமல் போகும் ஆபத்தும் உண்டு.

இரண்டாம் பாடம்: வேலைகளின் வரிசை மாறக் கூடாது

வீடு கட்டும்போது பூச்சு வேலைக்குப் பின் சுவரை இடிக்க மாட்டோம். பல் சிகிச்சையிலும் அதே ஒழுங்கு தேவை. வேர் சிகிச்சை செய்து உறை போட்ட பல், சுற்றுத்திசு நலமாக இருந்தால் நகரும். ஆனால் இம்பிளான்ட் எனப்படும் செயற்கை வேர் நகராது. அதற்கும் எலும்புக்கும் இடையே நார்த்திசு இல்லை; அது எலும்போடு நேரடியாக ஒட்டிவிடுகிறது. தவறான இடத்தில் இம்பிளான்ட் பதித்துவிட்டுப் பின்னர் பல் வரிசையைச் சீராக்க நினைத்தால், அந்த ஒரு பல் மட்டும் பாறைபோல் நின்று வழிமறிக்கும். ஆகவே பெரும்பாலான வேளைகளில் பற்களை இடத்துக்குக் கொண்டுவந்த பின்னரே இம்பிளான்ட் அல்லது பிரிட்ஜ் அமைக்கப்படுகிறது.

நம் எடுத்துக்காட்டில், பிடுங்கிய பல்லின் இடத்தை முற்றிலும் மூடிவிடலாமே என்ற வினா எழும். முப்பது ஆண்டுகள் வெறுமையாக இருந்த இடத்தில் எலும்பு மெலிந்து குறுகியிருக்கும். அதனூடே பெரிய கடைவாய்ப் பல்லை இழுத்துச் செல்வது கடினம்; நாளும் மிகுதியாகும். பெரும்பாலும் சாய்ந்த பல்லை நிமிர்த்தி, இடத்தைச் செம்மைப்படுத்தி, அங்கே செயற்கைப் பல் வைப்பதே நடைமுறைக்கு ஏற்றதாகிறது.

எதிரே கீழிறங்கிய மேல் பல்லை மீண்டும் மேலேற்றுவது முன்பு மிகக் கடினமாக இருந்தது. ஒரு பல்லை நகர்த்த வேறு பற்களைப் பிடிமானமாகக் கொள்ள வேண்டும். பிடிமானப் பற்களும் நகர்ந்துவிடும். இச்சிக்கலுக்கு எலும்பில் பொருத்தும் சிறு திருகுகள் தீர்வளித்தன. ஜப்பானியப் பல் மருத்துவர் ரியூசோ கனோமி 1997-ஆம் ஆண்டில் இத்தகைய மிகச் சிறிய திருகைப் பற்றி எழுதியது இத்துறையில் குறிப்பிடத்தக்க திருப்பம். ஒன்றரை மில்லிமீட்டர் அளவு தடிமனுள்ள இத்திருகு, பணி முடிந்ததும் எளிதில் கழற்றப்படுகிறது. பற்கள் குறைவாகவும் ஈறு தளர்ந்தும் உள்ள பெரியவர்களுக்கே இதன் பயன் மிகுதி.

மூன்றாம் பாடம்: குறையற்ற வரிசையா, நிறைவான வாயா?

பற்களைச் சீராக்கும் முயற்சி புதிதன்று. பிரெஞ்சு மருத்துவர் பியர் ஃபோஷார் 1728-ஆம் ஆண்டில் வெளியிட்ட பல் மருத்துவ நூலில், குதிரை லாட வடிவ உலோகப் பட்டையில் பற்களை நூலால் கட்டி நகர்த்தும் முறையை விளக்கினார். அமெரிக்காவின் எட்வர்ட் ஆங்கிள் 1899-இல் வரிசைக் கோளாறுகளை வகைப்படுத்தினார். முதல் கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் முறையே அவருடைய பகுப்பின் அடிப்படை. ஏறத்தாழ ஆறு வயதில் முளைக்கும் அந்தப் பல்லைப் பால்பல் என்று கருதிப் பெற்றோர் கவனியாது விடுவதும், அதுவே முதலில் சொத்தையாகி இழக்கப்படுவதும் நம் நாட்டில் வழக்கமாக உள்ளது.

எல்லாப் பற்களையும் தக்கவைத்தே சிகிச்சை செய்தல் வேண்டும் என்பது ஆங்கிளின் கொள்கை. அவரிடம் பயின்ற சார்லஸ் ட்வீட் சில ஆண்டுகளில், தாம் சீராக்கிய பற்கள் பலருக்கு மீண்டும் நிலைகுலைவதைக் கண்டார். அத்தகையோரில் நூறு பேருக்கு முன்கடைவாய்ப் பற்கள் நான்கை அகற்றி மறுசிகிச்சை செய்து, அதன் விளைவுகளை 1940-இல் சக மருத்துவர்களுக்குக் காட்டினார். இன்று இரு துருவங்களுக்கும் இடையே, ஒவ்வொருவரின் தாடை அளவு, உதட்டின் அமைப்பு, ஈறு நிலை ஆகியவற்றைப் பார்த்தே பல்லை அகற்றுவதா என்பது முடிவு செய்யப்படுகிறது. எல்லார்க்கும் பொருந்தும் ஒரே சூத்திரம் இல்லை என்பதே அந்த நீண்ட விவாதத்தின் பயன்.

பெரியவர்களுக்கு மேலும் ஒரு வரம்பு உண்டு. அவர்களின் தாடை இனி வளராது. சிறுவர்க்கு எளிதில் விரிவாக்கக்கூடிய மேலண்ண எலும்பின் நடுஇணைப்பு, பெரியவர்க்கு இறுகிவிடுகிறது. தாடைகளின் அளவு வேறுபாடு மிகுதியாக இருந்தால், பற்களை மட்டும் சாய்த்து ஓரளவு மறைப்பதா, தாடை அறுவை சிகிச்சையை நாடுவதா என்ற தேர்வு எழும். அறுவை சிகிச்சைக்கு முன் கம்பியால் பற்களை உரிய நிலைக்குக் கொண்டுவரும்போது, முகத்தோற்றம் தற்காலிகமாக முன்னினும் மோசமாகத் தெரிவதுண்டு. இதை முன்கூட்டியே அறியாதவர்கள் இடையில் மனம் தளர்ந்துவிடுகின்றனர்.

இன்னொரு சிறு ஏமாற்றமும் உண்டு. நெருக்கமாக இருந்த பற்கள் சீரானதும், அவற்றுக்கிடையே ஈறருகே கருமையான முக்கோண இடைவெளிகள் தோன்றலாம். ஈறு முன்பே இறங்கிவிட்டதால் ஏற்படும் விளைவு இது. பற்களின் பக்கவாட்டுப் பரப்பை மிகச் சிறிதளவு தேய்த்து நெருக்கினால் அவற்றைக் குறைக்கலாம். முழுதும் நீக்குவதற்கு எப்போதும் இயலாது. நன்றாக மெல்லவும், எளிதில் துலக்கவும், தயங்காமல் சிரிக்கவும் இயல்வதே பெரியவர்களின் சிகிச்சைக்கு உரிய இலக்கு.

நான்காம் பாடம்: காலத்தைச் சுருக்க இயலாது

எளிய வரிசைக் கோளாறுகளுக்கே ஓராண்டு, ஒன்றரை ஆண்டு ஆகும். சிக்கலான நிலையில், ஈறு சிகிச்சையையும் செயற்கைப் பல் அமைப்பதையும் சேர்த்து இரண்டரை முதல் மூன்று ஆண்டுகள் ஆவது இயல்பு. கம்பியை இறுக்கி முறுக்கினால் பல் விரைந்து நகரும் என்பது தவறான எண்ணம். மிகுந்த அழுத்தம் நார்த்திசுவின் இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். பல் நகர்வது தாமதமாகும். வேர் நுனி கரைந்து குறுகும் ஆபத்தும் கூடும். எலும்பு குறைந்த பற்களுக்கு இன்னும் மெல்லிய விசையே ஏற்றது. வேர் நுனி சிறிதளவு குறுகுவது பலருக்கும் நேர்வதே. அது வரம்பு மீறாதிருக்கிறதா என்பதை இடையிடையே எக்ஸ்ரே எடுத்துக் கண்காணிக்கின்றனர்.

தொடர்ச்சியான மென்விசைக்குத் துணைபுரிவது நிக்கல்-டைட்டானியம் கம்பி. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் பிறந்த இக்கலப்பு உலோகத்தை, 1970-களில் அயோவா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஆண்ட்ரீசன் பல் சீரமைப்புக்குக் கொண்டுவந்தார். வளைத்தாலும் தன் பழைய வடிவத்துக்கே திரும்பும் இயல்பு இதற்கு உண்டு.

ஆக, மகளின் திருமணத்துக்குள் இடைவெளியை மூட வேண்டும் என்று கேட்டவருக்கு நேர்மையான விடை இதுவே: ஆறு மாதத்தில் ஈறு நலம் பெறும், இரத்தக் கசிவு நிற்கும், கம்பிச் சிகிச்சை தொடங்கியிருக்கும், முழுமை பெறாது. இந்த விடையைக் கூறும் மருத்துவரை விட்டுவிட்டு, மூன்று மாதத்தில் முடித்துத் தருவதாக உறுதியளிப்பவரிடம் செல்வது நன்றன்று.

கம்பி கட்டிய முதல் மூன்று நான்கு நாட்கள் பல் கூசும். மென்மையான உணவே ஏற்றது. பின்னரும் முறுக்கு, சீடை, கடலைமிட்டாய், கரும்பு ஆகியவற்றைத் தவிர்த்தல் வேண்டும். பிராக்கெட் ஒருமுறை பெயர்ந்தால் சில வாரங்களின் பலன் வீணாகும். குடிநீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதிகளில் வளர்ந்து, பற்களில் பழுப்புக் கறை படிந்தவர்களுக்கு எனாமலில் பிராக்கெட் ஒட்டுவது சற்றுக் கடினம். அதற்கென முன்தயாரிப்பு தேவைப்படும்.

ஐந்தாம் பாடம்: கழற்றிய பின்னும் கடமை உண்டு

கம்பியைக் கழற்றிய நாளில் சிகிச்சை முடிந்தது என்று நினைப்பதே பலரின் உழைப்பை வீணாக்குகிறது. ஈற்றிலுள்ள நார்கள் பழைய நிலைக்கு இழுக்கும் இயல்புடையவை. வயது ஏற ஏறப் பற்கள் நெருங்குவதும் இயற்கையே. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் லிட்டிலும் அவருடைய குழுவினரும், ரிடெய்னர் அணிவதை நிறுத்திப் பத்தாண்டுகள் கடந்த 65 பேரை ஆராய்ந்து 1981-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கீழ் முன்பற்களின் வரிசை மீண்டும் நிறைவளிக்காத நிலையை அடைந்திருந்தது.

எனவே பற்களை நிலைநிறுத்தும் ரிடெய்னரை நீண்ட காலம் அணிதல் வேண்டும். எலும்பு குறைந்த பெரியவர்களுக்கு முன்பற்களின் உட்புறத்தில் மெல்லிய கம்பியை நிலையாக ஒட்டிவிடுவதே பெரும்பாலும் ஏற்றது. அதைச் சுற்றிப் பற்காரை சேராதவாறு துலக்குவதும், சில மாதங்களுக்கு ஒருமுறை ஈறு பரிசோதனை செய்துகொள்வதும் வாழ்நாள் வழக்கமாக வேண்டும்.

எந்த வகைக் கம்பி?

உலோகக் கம்பி, பல்லின் நிறத்தை ஒத்த செராமிக், உட்புறம் பொருத்தும் கம்பி, கழற்றி மாட்டும் ஒளிபுகும் அலைனர் என்று வகைகள் பல. அலைனர் துலக்குவதற்கு எளிது. ஆனால் நாளுக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் அணியும் ஒழுக்கம் தேவை. சாய்ந்த கடைவாய்ப் பல்லை நிமிர்த்துதல் போன்ற கடினமான நகர்வுகளுக்குக் கம்பியே பெரும்பாலும் கைகொடுக்கும். எவ்வகையாயினும், எக்ஸ்ரேயும் நேரடி ஈறு பரிசோதனையும் இன்றி, வீட்டிலேயே அச்செடுத்து அனுப்பிப் பெறும் தகடுகளை அணிதல் கூடாது.

செலவும் சேமிப்பும்

சிக்கலான பல் சீரமைப்பு ஒரே கட்டணம் அன்று. ஈறு சிகிச்சை, எக்ஸ்ரே மற்றும் ஸ்கேன், கம்பி, திருகு, செயற்கைப் பல், ரிடெய்னர் எனத் தனித்தனிச் செலவுகள் உண்டு. தொடங்குவதற்கு முன்பே இவை அனைத்தையும் எழுத்து வடிவில் கேட்டுப் பெறுங்கள். பெரும்பாலான உடல்நலக் காப்பீடுகளில், விபத்தால் நேர்ந்தவை நீங்கலாகப் பல் சிகிச்சை அடங்குவதில்லை. உங்கள் பாலிசியின் விலக்குகளைப் படித்துப் பாருங்கள். சிகிச்சை ஆண்டுக்கணக்கில் நீள்வதால் கட்டணத்தையும் தவணைகளாகச் செலுத்தும் வசதி பல இடங்களில் உண்டு. ஈறு சிகிச்சை நடைபெறும் மாதங்களிலேயே ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கினால், இறுதியில் வரும் செயற்கைப் பல் செலவுக்குக் கைகொடுக்கும். பாதியில் பணமின்றி நிறுத்தப்படும் சிகிச்சை, தொடங்காத சிகிச்சையை விடத் தீங்கானது.

செலவைக் குறைக்க விரும்புவோர் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளை நாடலாம். டெல்லியின் மௌலானா ஆசாத் பல் அறிவியல் நிறுவனம், கொல்கத்தாவின் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரி, மும்பை அரசுப் பல் மருத்துவக் கல்லூரி, சென்னையின் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆகியவற்றில் இதற்கெனத் தனித்துறைகள் உள்ளன. காத்திருக்கும் காலம் கூடுதலாகலாம். ஆனால் ஈறு, சீரமைப்பு, செயற்கைப் பல் ஆகிய துறை வல்லுநர்கள் ஒரே வளாகத்தில் இருப்பது சிக்கலான நிலைகளுக்குப் பெரும் வசதி.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய வினாக்கள்

• பி.டி.எஸ். பட்டத்துக்குப் பின் பல் சீரமைப்பில் மூன்றாண்டு எம்.டி.எஸ். பயின்றவரா? மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு உள்ளதா?

• என் ஈறும் எலும்பும் இப்போது கம்பியைத் தாங்கும் நிலையில் உள்ளனவா?

• எந்தப் பல்லையாவது அகற்ற வேண்டுமா? ஏன்? அகற்றாமல் செய்தால் விளைவு என்ன?

• வேலைகள் எந்த வரிசையில் நடைபெறும்? ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு காலம்?

• எந்தக் குறை முழுதும் சரியாகாது?

• நான் வேறு ஊருக்கு மாற்றலானால் சிகிச்சையை எவ்வாறு தொடர்வது? எக்ஸ்ரே, பல் அச்சு, குறிப்புகளின் நகல் கிடைக்குமா?

• ரிடெய்னர் உடைந்தால் மாற்றுவதற்கு என்ன செலவு?

இறுதியாக ஓர் எச்சரிக்கை. இளமை முதல் இருந்துவரும் தெற்றுப்பல்லுக்காக எப்போது வேண்டுமானாலும் மருத்துவரை நாடலாம், அவசரமில்லை. ஆனால் நேராக இருந்த முன்பற்கள் முப்பது வயதுக்கு மேல் புதிதாக விரியத் தொடங்கினால், அல்லது பழைய இடைவெளி அகன்றுகொண்டே வந்தால், அது பெரும்பாலும் ஈறு நோயின் அறிகுறி. அதற்குத் திருமணமோ பண்டிகையோ வரட்டும் என்று காத்திருத்தல் வேண்டாம். இந்த மாதமே ஒரு பல் மருத்துவரிடம் ஈறுகளைக் காட்டுங்கள். கம்பி பின்னர் வரலாம். கரைந்த எலும்பு எளிதில் திரும்பி வராது.